நிலாவுக்குக் குறுக்கே போனது கருடன் இல்லை

முதலில் ஒரு மன்னிப்பு. போன ஐப்பசிப் பௌர்ணமி அன்னைக்கு நம்ம டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். முழு நிலா, அதுக்குக் குறுக்கே கறுப்பா ஒரு உருவம் சிறகடிச்சுப் போகும். மொத்தமே நாலு செகண்ட். கீழே "மொரப்பூர் வானத்தில் அமூர் ஃபால்கன்" என்று எழுதியிருந்தேன். ஹார்ட் மேல ஹார்ட். ஜூனியர் பையன் ஒருத்தன் ஸ்டேட்டஸே வச்சான்.

அது அமூர் ஃபால்கன் இல்லை. சொல்லப்போனா பறவையே இல்லை. வௌவால். மறுநாளே திருத்தமும் போட்டேன். அதுக்கு வந்த ஹார்ட் மூணு. அதுல ஒண்ணு என் ரூம்மேட்.

தப்பு யாருக்கும் நடக்கும். ஆனா அவ்வளவு உறுதியா எப்படித் தப்பாச் சொன்னேன்னு யோசிச்சப்பதான் கொஞ்சம் பயமா இருந்தது. ஏன்னா அதே தப்பை எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தினமும் பண்ணிக்கிட்டு இருக்கு, அதுவும் தசமப் புள்ளி போட்டு.

நடந்ததைச் சொல்றேன். என்கிட்ட ஒரு 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப் இருக்கு. சீனியர் ஒருத்தர் கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஐபீஸ்ல போனை மாட்ட ஒரு கிளிப். அன்னைக்கு மழை விட்டு வானம் கழுவின மாதிரி இருந்தது. மொரப்பூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா ரயில்வே ஸ்டேஷன் விளக்கு ஒரு பக்கம், மறுபக்கம் தென்னையும் புளியமரமும். சாயந்திரம் ஏழு மணிக்கு நிலா மரத்துக்கு மேல ரெண்டு முழம் ஏறியிருந்தது. பள்ளங்களை வீடியோ எடுக்கலாம்னுதான் வச்சேன். திடீர்னு ஒண்ணு குறுக்கே போச்சு.

எங்க ப்ராஜெக்ட் நாற்பது வகைப் பறவைகளைப் படத்தைப் பார்த்து அடையாளம் சொல்ற மாடல். லேப்டாப்ல அந்த நாலு செகண்டைக் கொடுத்தேன். "கருடன், 88 சதவீதம்" என்றது. ராத்திரியில கருடன் எதுக்கு வருதுன்னு நானே சிரிச்சேன். சிரிச்சிட்டு, மாடல் சொன்னதைவிடப் பெரிய கதை ஒண்ணை நானே கட்டினேன்.

கதைக்குக் காரணம் இருக்கு. அமூர் ஃபால்கன் புறா அளவுகூட இல்லாத ஒரு வல்லூறு. தென்கிழக்கு சைபீரியா, வட சீனாவில் குஞ்சு பொரிச்சு, தென் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே சில மாசம் இருந்துட்டுத் திரும்பும். போற வழியில அக்டோபர், நவம்பர்ல நாகாலாந்தில் கூட்டம் கூட்டமா இறங்கும். 2013 நவம்பர்ல அங்கே மூணு பறவைகளுக்கு சாட்டிலைட் டேக் மாட்டி நாகா, வோக்கா, பாங்டின்னு பேர் வச்சு விட்டாங்க. அதுங்க தீபகற்ப இந்தியாவைத் தாண்டி, அரபிக்கடலை நிக்காமக் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போனதை உலகமே மேப்ல பார்த்தது. இதை நான் படிச்சு ஒரு வாரம்கூட ஆகலை. மாசமும் நவம்பர். கூரான சிறகு மாதிரியும் தெரிஞ்சது. வேற என்ன வேணும்? போஸ்ட் பண்ணிட்டேன்.

எட்டு மணிக்கு ஆயா மாடிக்கு வந்தாங்க. பெருமையா போனை நீட்டினேன். ஒரு தடவை பார்த்தாங்க.

"வௌவாலு கண்ணு. தெனமும் இந்நேரத்துக்குத்தான் ஏரிக்கர அரசமரத்துலேர்ந்து கெளம்பி ஆத்துப் பக்கம் தோப்புக்குப் போவும். நீ இதப் பாத்ததே இல்லியா?"

இருபத்தொரு வருஷத்துல பார்த்ததே இல்லை. அதாவது நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டினேன். சிறகு மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே வர ஏறக்குறைய பத்து ஃப்ரேம். செகண்டுக்கு முப்பது ஃப்ரேம்னா செகண்டுக்கு மூணு அடிப்பு. வல்லூறுக்கு இவ்வளவு சோம்பேறித்தனம் கிடையாது. பின்னாடி நீளமான வால் இருந்திருக்கணும், இல்லை. சிறகோட பின் ஓரம் குடைத்துணி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருந்தது. பழந்தின்னி வௌவால். ஃப்ரேம்ல எல்லாமே இருந்தது. எனக்குத்தான் கதை முந்திக்கிச்சு.

இதை நான் மட்டும் பண்ற தப்புன்னு நினைக்காதீங்க. நிலாவுக்கு முன்னால நிழலா போறதுக்குப் பேர் சொல்றது உண்மையிலேயே கஷ்டம். ஏன் கஷ்டம்னு ஒரு சின்னக் கணக்கு போட்டாலே புரியும். நமக்குப் பிடிச்ச வகைக் கணக்குதான்.

நிலாவோட அகலம் நம்ம கண்ணுக்கு ஏறக்குறைய அரை டிகிரி. கையை நீட்டி சுண்டுவிரலைக் காட்டினா மறைஞ்சுடும். நம்ம கண்ணுலேர்ந்து நிலா வரைக்கும் ஒரு ஒல்லியான கூம்பு இருக்குன்னு வச்சுக்கோங்க. அந்தக் கூம்புக்குள்ள வர்றது மட்டும்தான் தெரியும். 500 மீட்டர் தூரத்துல அந்தக் கூம்போட அகலம் நாலரை மீட்டர். ஒரு கிலோமீட்டர்ல 9 மீட்டர். அவ்வளவுதான், ஒரு வகுப்பறை. இப்போ சிறகு விரிச்சா 1.2 மீட்டர் வர்ற பழந்தின்னி வௌவால் ஒரு கிலோமீட்டர்ல போனா நிலாவோட அகலத்துல ஏழுல ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவா மறைக்கும். சிறகு விரிச்சா 30 சென்டிமீட்டர் வர்ற ஒரு சின்னக் குருவி கால் கிலோமீட்டர்ல போனாலும் அதே அளவுதான் மறைக்கும். நிறம் கிடையாது, கண் கிடையாது, அலகோட வடிவம் பெரும்பாலும் கிடையாது. தூரம் தெரியாது. தூரம் தெரியலைன்னா அளவும் தெரியாது. ஒரு சமன்பாடு, ரெண்டு தெரியாத எண். பத்தாங்கிளாஸ் கணக்கு சார் இதுக்கு ஒரே ஒரு விடைன்னு கிடையாதுன்னு அப்பவே சொன்னார்.

அப்போ ஒண்ணுமே சொல்ல முடியாதான்னா, முடியும். தூரம் பொய் சொல்லலாம், நேரம் பொய் சொல்லாது. சிறகடிப்பு வேகம் கால் கிலோமீட்டர்லயும் ஒண்ணுதான், ஒரு கிலோமீட்டர்லயும் ஒண்ணுதான். பொதுவா பெரிய உடம்புக்கு மெதுவான சிறகடிப்பு, சின்ன உடம்புக்கு வேகம். கொக்கு, வௌவால் எல்லாம் எண்ணக்கூடிய வேகத்துல அடிக்கும். சின்னக் குருவிகள் பல நாலு அடி படபடன்னு அடிச்சு, சிறகை மடக்கி ஒரு தோட்டா மாதிரி சரிஞ்சு, மறுபடி அடிக்கும். நிலாவுக்கு மேல அது ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு புள்ளியாத் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: போன் கேமரா முப்பது ஃப்ரேம்னா பதினஞ்சுக்கு மேல அடிக்கிற சிறகை நம்பி எண்ண முடியாது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர்ல நைக்விஸ்ட்னு ஒருத்தர் வந்தாரே, அவரேதான். அந்தப் பாடம் எனக்கு அரியர். இப்போ மொட்டை மாடியில வந்து பழிவாங்குது.

இன்னொண்ணு ஃபோகஸ். டெலஸ்கோப்பை நிலாவுக்கு ஃபோகஸ் பண்ணியிருக்கோம். பத்து மீட்டர்ல பறக்கிற பூச்சி பெருசா, கலங்கலாத் தெரியும். ஓரம் கூர்மையா இருந்தா தூரத்துல போகுது. பூச்சியைப் பருந்துன்னு நம்பாம இருக்க இது ஒண்ணே போதும்.

இதையெல்லாம் தேடிப் படிக்கும்போதுதான் ஜார்ஜ் லோரியைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன். அமெரிக்காவில் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டியில பறவையியலாளர். வசந்தகாலத்துல வடக்கே திரும்புற பறவைகள் மெக்சிகோ வளைகுடாவைக் கடல் மேலயே தாண்டி வருதா, கரையோரமா சுத்தி வருதான்னு 1940கள்ல அங்கே பெரிய சண்டை. ராத்திரி போற பறவையை யார் பார்க்கிறது? நிலாவை வச்சுப் பார்க்கலாம்னு லோரி டெலஸ்கோப்பைத் திருப்பினார். அதே யுனிவர்சிட்டியில இருந்த வில்லியம் ரென்ஸ் கணக்கு போட்டுக் கொடுத்தார். அவங்க முறை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. நிலாவைக் கடிகார முகமா நினைச்சுக்கணும். பறவை எந்த எண்ல நுழைஞ்சது, எந்த எண்ல வெளியே போச்சு, எத்தனை மணி. இவ்வளவுதான் நோட்ல. நிலா அந்த நேரத்துல வானத்துல எங்கே இருக்குன்னு தெரிஞ்சா, பறவை எந்தத் திசைக்குப் போச்சு, எவ்வளவு அடர்த்தியாப் போகுதுன்னு கணக்கு போட்டுடலாம்.

1952 அக்டோபர்ல நாலு ராத்திரி, அமெரிக்கா, கனடாவில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள்ல ஆயிரத்துக்கும் மேல ஆட்கள் உட்கார்ந்து இப்படி எழுதினாங்க. ஒரு கண்டத்து மேல ராத்திரியில பறவைகள் எப்படிப் பாயுதுன்னு அதுலேர்ந்து வரைபடம் வந்தது. அந்த நோட்டுகள் எதுவும் பறவையோட பேரை நம்பி நிக்கலை. "4ல் உள்ளே, 10ல் வெளியே" என்பதை நம்பி நின்னது.

நம்ம ஆளுங்க இதைச் செய்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சேன். ஆயிரம் பேர்ல பாதிப் பேர் கருடன்னு எழுதியிருப்பாங்க. நான் அமூர் ஃபால்கன்னு எழுதி ஸ்டோரி போட்டிருப்பேன்.

ரெண்டு தெரியாத எண்ணு சொன்னேன் இல்லையா, அதுல ஒண்ணை உடைக்கவும் வழி இருக்கு. ரெண்டு டெலஸ்கோப்பை 3 மீட்டர் இடைவெளியில வைங்க. ஒரு கிலோமீட்டர்ல போற பறவை ஒண்ணுல தெரியிற பாதைக்கும் இன்னொண்ணுல தெரியிற பாதைக்கும் நிலாவோட அகலத்துல மூணுல ஒரு பங்கு தள்ளித் தெரியும். 500 மீட்டர்ல போனா மூணுல ரெண்டு பங்கு. தள்ளினதை அளந்தா தூரம், தூரம் தெரிஞ்சா சிறகோட அளவு. நான் ஏதோ புதுசாக் கண்டுபிடிச்சிட்டேன்னு ஒரு ராத்திரி முழுக்கத் துள்ளிக்கிட்டிருந்தேன். இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஜோயல் ஸ்டெபின்ஸ் என்கிற வானியலாளர் 1906லேயே இந்த வழியை எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். 1906னா, மொரப்பூர்லேர்ந்து தர்மபுரிக்குக் குட்டி ரயில் ஓட ஆரம்பிச்ச வருஷம். அந்தத் தண்டவாளத்தை ரெண்டாம் உலகப் போர் காலத்துல பிடுங்கிட்டாங்க, எங்க ஊர்க்காரங்க இன்னும் அதைப் பத்திப் பேசிக்கிட்டுதான் இருக்காங்க. ஸ்டெபின்ஸ் முறையைத்தான் யாரும் பேசலை.

ஹார்ட்வேர் பசங்களுக்கு ஒரு தகவல்: ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துல ராஸ்பெரி பை வச்சு நிலாவைத் தானாத் தொடர்ந்து போய் வீடியோ எடுக்கிற ஒரு கருவி பண்ணி, பேர் லூனேரோ, 2020ல டிசைனை எல்லாருக்கும் வெளியிட்டுட்டாங்க. நம்ம லேப்ல தூசி படிஞ்சு கிடக்கிற ஸ்டெப்பர் மோட்டார்களை நினைச்சுக்கிட்டேன்.

இப்போ ப்ராஜெக்ட் விஷயத்துக்கு வர்றேன். இது கொஞ்சம் வலிக்கிற இடம்.

எங்க மாடல் டெஸ்ட் செட்ல 94 சதவீதம். பகல் வெளிச்சத்துல, நல்ல கேமராவில் எடுத்த படங்கள். அந்த எண் ரெண்டாவது ரிவ்யூல கைத்தட்டல் வாங்கிக் கொடுத்தது. டீம்ல ஒருத்தன் ரெஸ்யூம்ல போட்டுட்டான், ஒரு இன்டர்வியூல சொல்லியும் ஆச்சு. அவனுக்கு அது சோறு போடப்போற எண். நான் குறை சொல்ல மாட்டேன், அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

ஆனா மாடலோட கடைசி அடுக்கு சாஃப்ட்மேக்ஸ். மத்த டிபார்ட்மென்ட்காரங்களுக்காகச் சொல்றேன்: நாற்பது பேருக்கும் சேர்த்து மொத்தம் நூறு சதவீதம் வந்தே ஆகணும். எதைக் காட்டினாலும் அந்த நூறை அந்த நாற்பது பேருக்குள்ளதான் பிரிக்கும். வெளியே ஒரு உலகம் இருக்குன்னு அதுக்குத் தெரியாது. மெஸ் வடையைக் காட்டினோம். ஆட்காட்டி, 61 சதவீதம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். வௌவாலைக் கருடன்னு சொன்னப்போ எனக்குச் சிரிப்பு பாதியில நின்னுடுச்சு. ஏன்னா வடையை யாரும் நம்ப மாட்டாங்க. கருடனை நம்புவாங்க.

பதில் உறுதியில்லைன்னா பேசாம இருன்னு ஒரு எல்லை வச்சோம். போதலை, 88 வாங்கின வௌவால் எந்த எல்லையையும் தாண்டிடும். அதனால வௌவால், பூச்சி, இலை, விமானம்னு கிடைச்சதையெல்லாம் சேர்த்து "இதில் எதுவும் இல்லை" என்று நாற்பத்தோராவது வகுப்பு ஒண்ணு வச்சு மறுபடி ட்ரெய்ன் பண்ணினோம். இப்போ நூறு படம் கொடுத்தா எண்பத்தொண்ணுக்குத்தான் பதில் சொல்லுது, மீதிக்குத் "தெரியலை" என்கிறது. சொன்ன எண்பத்தொண்ணுல தப்பு ரெண்டு. என்னைக் கேட்டா இதுதான் நல்ல மாடல். டீம்ல கேட்டா, 94 எங்கே போச்சு? எக்ஸ்டர்னல் முன்னாடி ஸ்கிரீன்ல "தெரியலை"ன்னு வந்தா எப்படி இருக்கும்னு வழிகாட்டுற பேராசிரியரும் யோசிக்கிறார். அவர் கேட்கிறதும் நியாயம்தான். நம்ம படிப்புல "தெரியலை"ன்னு எழுதினா மார்க் கிடையாது. எதையாவது எழுதினா ரெண்டு மார்க் வரும். நாலு வருஷமா நாம ட்ரெய்ன் ஆன டேட்டாசெட் அது. எல்கேஜியிலேர்ந்து கணக்கு போட்டா இன்னும் நீளம்.

பேரே வேண்டாம்னு நான் சொல்லலை. பேர் தெரிஞ்சா நெருக்கம் வரும். ரெண்டாம் வருஷம் அக்டோபர் கடைசியில ஒரு காலையில ஹாஸ்டல் வராண்டாவுல ஒரு பறவை சோர்ந்து உட்கார்ந்திருந்தது. பச்சை, நீலம், வயித்துக்கு அடியில சிவப்பு, குட்டை வால். யாரோ வளர்க்கிற பறவை தப்பி வந்திருக்குன்னு நினைச்சோம். அட்டைப்பெட்டியில வச்சு, அமைதியா ஒரு மூலையில விட்டோம். சாயந்திரம் செடிகளுக்குள்ள பறந்து போச்சு. அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவிலயும் கூடு கட்டிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும், இலங்கை வரைக்கும் போகும். ராத்திரியிலதான் பயணம். களைச்சு வீடுகளுக்குள்ள இறங்குறது வருஷா வருஷம் நடக்கிறதுதான். காலையும் மாலையும் ஆறு மணி வாக்குல கத்துறதால அந்தப் பேர்.

அன்னையிலேர்ந்து எனக்கு ஒரு நினைப்பு. நாம ரீல்ஸ் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கும்போது, மேலே இருட்டுல அதுமாதிரி எத்தனையோ போய்க்கிட்டு இருக்கு. நிலாவுக்குக் குறுக்கே வர்றது மட்டும்தான் கண்ணுக்குப் படுது. அதுல ஒண்ணு ஆறுமணிக்குருவியா இருக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. ஆசை இருக்கிறதாலயே அப்படி எழுதக் கூடாது.

ஆயா எப்பவும் சரியாச் சொல்வாங்கன்னும் நினைச்சுடாதீங்க. வௌவால்ல அவங்க ஜெயிச்சது வடிவத்தைப் பார்த்து இல்லை. நேரம், திசை, அரசமரம். ஐம்பது வருஷ டேட்டா. அதே ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவோ "வக்"குன்னு ஒரு தடவை கத்திட்டுத் தலைக்கு மேல போச்சு. "சாவுக்குருவி, உள்ள வா"ன்னு என்னை இழுத்தாங்க. அது வக்கா. இராக்கொக்குன்னும் சொல்வாங்க. பகல்ல மரத்துல தூங்கிட்டு ராத்திரி மீன் பிடிக்கப் போற அப்பாவிக் கொக்கு. கத்துறதைத்தான் பேரா வச்சிருக்காங்க. சொன்னேன். நம்பலை. "கொக்கு எதுக்கு ராவுல போவுது?"ன்னு கேட்டாங்க. கருடனைப் பார்த்து நான் கேட்ட அதே கேள்வி.

ஃபைனல் ரிவ்யூவுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. எந்த மாடலைக் காட்டப் போறோம்னு இன்னும் முடிவாகலை. நேத்துகூட ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரூம்ல சண்டை. என் ஓட்டு நாற்பத்தொண்ணுக்கு. ரெஸ்யூம்ல எண்பத்தொண்ணையும் ரெண்டையும் எப்படி எழுதுறதுன்னு நானே அவனோட உட்கார்ந்து எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போனப்போ மறுபடி டெலஸ்கோப்பை எடுத்தேன். இந்தத் தடவை ஒரு கோடு போடாத நோட்டும். பனி, குளிரு, ஆயா கம்பளி போர்த்திக்கிட்டு நாற்காலியில. நாலு மணி நேரத்துல ஏழு. மூணு வௌவால், உறுதியா. ஒண்ணு பூச்சி. ஒண்ணு கொக்கு வகை, கால் பின்னாடி நீட்டிக்கிட்டு இருந்தது, எந்தக் கொக்குன்னு எழுதலை. ஆறாவது பறவையா வௌவாலான்னே சொல்ல முடியலை. ஏழாவது இப்படி:

"இரவு 10.52. நாலில் உள்ளே, பத்தில் வெளியே. ஓரம் கூர்மை. சின்னது. படபடப்பு, பிறகு மடக்கல், மறுபடி படபடப்பு. பறவை. பெயர் தெரியவில்லை."

"என்ன குருவி கண்ணு அது?"ன்னு ஆயா கேட்டாங்க.

"தெரியல ஆயா."

"செரி, வர்றத உட்றாத. பாரு."